பேட்டரிக்காக ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறிய அனுபவம்

என் பழைய போன் இருபது சதவீதத்தைத் தொட்டதும் சட்டென்று அணைந்துவிடும். சார்ஜரில் செருகினால் அடுத்த நிமிடமே பதினெட்டு சதவீதம் இருப்பதாகக் காட்டும். லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதானால் இப்படித்தான். கொள்ளளவு குறைவது ஒரு பக்கம், உள்ளே மின்சாரம் பாய்வதற்கான தடை கூடுவது இன்னொரு பக்கம். கேமரா திறப்பது போல ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் கேட்கும் வேலை வந்தால் மின்னழுத்தம் விழுந்து போன் படுத்துவிடும்.

பேட்டரியை மட்டும் மாற்றலாமே என்று கேட்பீர்கள். பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும் போனாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். என் போனுக்கு அது நின்று வெகுநாளாகிவிட்டது. வங்கிச் செயலிகள் இருக்கும் போனை அப்படி வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. வீட்டில் மற்றவர்கள் ஐபோன் வைத்திருந்ததால் நானும் அதற்கே போனேன்.

மாறுவதில் பெரிய வேலை வாட்ஸ்அப்தான். கூகுள் டிரைவில் பேக்கப் இருந்தாலும் ஐபோன் அதை எடுத்துக்கொள்ளாது. 2022-லிருந்து இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய போனில் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற மாற்றச் செயலியைப் போட்டுக்கொண்டு, புதுப் போனை முதன்முதலாக செட்டப் செய்யும்போதே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். ஐபோன் திரையில் ஓர் எண் வரும், அதை ஆண்ட்ராய்டில் அடித்தால் இரண்டும் தங்களுக்குள் வைஃபையில் இணைந்துகொள்ளும். எதையெல்லாம் மாற்றுவது என்ற பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டு, அது அரட்டைகளைத் தயார் செய்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தொடர வேண்டும். இரண்டு போனும் சார்ஜரிலேயே இருக்கட்டும். பழைய போனில் வேறு செயலிக்குத் தாவினால் மாற்றம் பாதியில் நின்றுவிடும், அதனால் அந்த நேரத்தில் போனைத் தொடாமல் இருப்பது நல்லது. மீதி நேரம் என்று திரை காட்டுவதை நம்பி உட்கார வேண்டாம், எனக்கு அது குறைந்து குறைந்து மறுபடி ஏறியது. முடிந்ததும் ஐபோனில் பழைய தொலைபேசி எண்ணையே கொடுத்து வாட்ஸ்அப்பில் நுழைந்தேன். பழைய குரல் பதிவுகள்கூட வந்திருந்ததைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். அழைப்பு வரலாறு மட்டும் வராது.

லாகின் செய்ய ஒருமுறைக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலியில் இருந்த கணக்குகளைத் தனியாக க்யூஆர் குறியீடு வழியாக மாற்றினேன். வங்கிச் செயலிகளில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளும் ஐபோனுக்கு வராது.

அப்புறம் பேட்டரி. புதுப் போன் முதலில் சூடாகும், சார்ஜும் மடமடவென்று இறங்கும். பதற வேண்டாம். வந்து சேர்ந்த படங்களில் முகங்களைப் பிரிப்பது, தேடலுக்கு அட்டவணை போடுவது என்று பின்னணியில் ஏகப்பட்ட வேலை நடக்கிறது. அது அடங்கிய பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று தெரியும். அதைப் பார்த்துத் தேவையில்லாத செயலிகள் திறக்காதபோதும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் பின்னணிப் புதுப்பிப்பை நிறுத்தினேன், இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றினேன். செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். மூடியதைத் திரும்ப முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் மின்சாரம் போகிறது.

ஐபோன் 15-லிருந்து 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. 1000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி அதன் பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அதற்கு முந்தைய மாடல்களுக்கு அது 500. நான் அந்த 80 சதவீத சார்ஜ் வரம்பைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், இரவுவரை தாராளமாகத் தாங்குகிறது. இவை எல்லாவற்றையும்விட சூடு பேட்டரிக்குப் பெரிய எதிரி. அதனால் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதை விட்டுவிடுங்கள்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜை, அதாவது ஆப்பிளின் செய்தி சேவையை, அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வந்து சேராமல் போகலாம்.