அசிஸ்ட்டை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள்

2014-இல் வந்த எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் ஓட்டும் வீடியோ கேம் பற்றி எங்கள் வேளச்சேரி கூட்டத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. “விண்வெளியில் ஏதுடா வேக வரம்பு? ஏரோப்ளேன் ஓட்டுற மாதிரி இருக்கு” என்கிறான் தம்பி. கேள்வி நியாயம்தான். ஆனால் கப்பலைத் தானாகவே நிலைப்படுத்தும் ஃப்ளைட் அசிஸ்ட்டை அணைத்துப் பாருங்கள். கப்பல் போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். மூக்கை மட்டும் பின்னால் திருப்பி, துரத்தி வருபவனைச் சுடலாம். முதலில் தலை சுற்றும், கை பழகிவிட்டால் விட மனசே வராது.

அசிஸ்ட் இருக்கும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை, திரையில் தெரியும் வேக அளவியின் நீலப் பகுதியில் வைத்தால்தான் கப்பல் நன்றாக வளையும். இது தெரியாமல் முழு வேகத்தில் பறந்துவிட்டு கன்ட்ரோலைத் திட்டுபவர்கள் நிறைய.

அப்புறம், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் நல்ல ஜாய்ஸ்டிக் விலை விசாரித்துச் சொல்லுங்கள். மவுஸ் போதவில்லை.