சிகானோ ஸ்டடீஸ் எடுக்கிறீர்களா? 1848இல் இருந்து தொடங்குங்கள்

கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்களில் இளங்கலைப் பட்டம் வாங்க எத்னிக் ஸ்டடீஸில், அதாவது இனச் சமூகங்கள் பற்றிய படிப்பில், 3 யூனிட் கட்டாயம். 2020இல் நிறைவேறிய சட்டம் அது. அதற்காகச் சிகானோ ஸ்டடீஸ் (மெக்சிக்க அமெரிக்கரின் வரலாறு, கலை, இலக்கியம் பற்றிய பாடம்) எடுக்கும் பலர், மனதில் பட்டதை எழுதினால் தேறிவிடலாம் என்று நினைத்து வருகிறார்கள். 3 யூனிட் என்றால் வாரம் 3 மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே 6 மணி நேரம் படிப்பு. அந்த 6 மணி நேரத்தை ஒதுக்காதவர்கள் மிட்டெர்மில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆவணம், ஓவியம், கதை மூன்றையும் கிட்ட வைத்துப் படிக்கக் கேட்கும் பாடம் இது.

முதல் சறுக்கல் காலவரிசையில்தான். பலருடைய குறிப்பேடு 1965 திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் ஆரம்பிக்கும். ஆரம்பிக்க வேண்டியது, மெக்சிகோ-அமெரிக்கப் போரை முடித்து 1848 பிப்ரவரி 2இல் கையெழுத்தான குவாதலூப்பே ஹிதால்கோ உடன்படிக்கையில். டெக்சாஸையும் சேர்த்தால் மெக்சிகோ ஏறக்குறையப் பாதி நிலத்தை அமெரிக்காவிடம் இழந்தது. அங்கே வாழ்ந்த மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைக்கோடு அவர்களைத் தாண்டிப் போனது. அதனால் மெக்சிக்க அமெரிக்கர் எல்லோரையும் 'குடியேறிகள்' என்று அறிமுகப்படுத்தும் கட்டுரை முதல் பத்தியிலேயே அடி வாங்கும்.

உடன்படிக்கை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 8, 9, 10 ஆகிய பிரிவுகளை மூலத்திலேயே வாசியுங்கள். மெக்சிக்கக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஓராண்டுக்குள் அதைச் சொல்ல வேண்டும், சொல்லாதவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக விரும்பியதாகக் கொள்ளப்படும் என்கிறது 8. குடியுரிமை எப்போது முழுமையாகும் என்பதை அமெரிக்கக் காங்கிரஸின் முடிவுக்கு விடுகிறது 9. மெக்சிக்க அரசு வழங்கிய நில மானியங்கள் செல்லும் என்றது 10. அமெரிக்க செனட் அதை அப்படியே வெட்டி எடுத்தது. இதன் பக்கத்தில் 1851ஆம் ஆண்டு கலிஃபோர்னியா நிலச் சட்டத்தை வையுங்கள். நிலம் தன்னுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுந்தது. இரண்டாண்டுக்குள் ஆணையத்தில் மனுப் போட வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வென்றவர்களில் பலரும் வக்கீல் கட்டணத்துக்கும் கடனுக்கும் அதே நிலத்தை விற்க நேர்ந்தது. நில இழப்பு பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இந்த இரண்டு ஆவணங்களும் கைகொடுக்கும்.

காலவரிசையை ஒரே நீளப் பட்டியலாக எழுதினால் மனதில் நிற்காது. தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: சட்டமும் நீதிமன்றமும், உழைப்பு, எதிர்ப்பும் கலையும். குறுக்கே வாசிக்கும்போதுதான் விஷயம் புலப்படும். 1930களில் அமெரிக்கக் குடிமக்கள் உட்பட மெக்சிக்க வம்சாவளியினர் பெருந்திரளாக மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1942இல் ஆள் தேவைப்பட்டதும், மெக்சிக்கத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் வரவழைக்கும் ப்ரசேரோ திட்டம் வந்து 1964 வரை ஓடியது. மெக்சிக்க அமெரிக்கர்களை ஜூரியிலிருந்து விலக்கிவைத்தது தவறு என்று ஹெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அதே 1954இல்தான் பெரிய நாடுகடத்தல் நடவடிக்கையும் நடந்தது. இப்படி ஒரு இணைப்பைக் காட்டும் விடை, ஐந்து தேதிகளை அடுக்கும் விடையைவிட உயர்ந்தது.

மேலே சொன்ன திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில், அதாவது கலிஃபோர்னியாவின் டெலானோவில் நடந்ததில், ஒரு பொறி இருக்கிறது. 1965 செப்டம்பர் 8இல் அதைத் தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். சீசர் சாவேஸ், டொலொரெஸ் ஹுவெர்ட்டா ஆகியோரின் சங்கம் செப்டம்பர் 16இல் சேர்ந்துகொண்டது. முதல் எட்டு நாளை விட்டுவிட்டு எழுதினால் மார்க் போகும். போக வேண்டியதுதான், இன்னொரு சமூகத்தின் போராட்டத்தை அழித்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமில்லை.

ஓவியக் கேள்விகளில் பெரும்பாலோர் நேராக அர்த்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். முதலில் கண்ணில் படுவதை மட்டும் பத்து வரி எழுதிப் பழகுங்கள். ஓவியர் யோலாண்டா லோபெஸ் 1978இல் தன்னையே, மெக்சிக்கர் வணங்கும் குவாதலூப்பே மாதாவாக வரைந்த படத்தை எடுத்துக்கொள்வோம். மரபான படத்தில் மாதா கைகூப்பி, கண் தாழ்த்தி, பிறைமேல் அசையாமல் நிற்பாள். கீழே ஒரு தேவதை தாங்கும். லோபெஸ் படத்தில் அவர் ஓட்டக் காலணியோடு பாய்ந்து வருகிறார். ஒரு கையில் பாம்பு, மறு கையில் விண்மீன் பதித்த நீல மேலாடை. நேரே நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். காலடியில் இருக்கும் தேவதையின் சிறகுகளில் சிவப்பு, வெள்ளை, நீலம். எது அப்படியே இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று இரண்டு பட்டியல் போட்ட பிறகு அர்த்தத்துக்கு வாருங்கள். இதே வரிசையில் அவருடைய அம்மா தையல் மெஷினில் அந்த மேலாடையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தையும் சேர்த்துப் பேசினால், பெண்களின் உழைப்பு பற்றிய வாதம் தானாக வந்து நிற்கும்.

சுவரோவியம் என்றால் சுவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சான் டியேகோவின் சிகானோ பார்க் ஓவியங்கள் கோரனாடோ பாலத்தின் தூண்களில் இருக்கின்றன. அந்தப் பாலமும் நெடுஞ்சாலையும் மக்கள் குடியிருப்பைப் பிளந்துகொண்டு போனவை. அங்கே பூங்கா கேட்டவர்களுக்குக் காவல் நிலையம் வரப்போகிறது என்று தெரிந்ததும் 1970 ஏப்ரல் 22இல் இடத்தையே கைப்பற்றினார்கள். இதைச் சொல்லாமல் வண்ணங்களை மட்டும் வருணித்தால் விடை பாதிதான்.

இலக்கியத்தில் ஸ்பானிஷ் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். தோமாஸ் ரிவேராவின் 1971 நாவல் ஸ்பானிஷில் எழுதப்பட்டது, வகுப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். குளோரியா அன்சால்துவாவின் 1987 நூல் இரு மொழியையும் வேண்டுமென்றே கலந்து நகர்கிறது. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். மொழி மாறும் இடத்தில் பென்சில் கோடு மட்டும் போடுங்கள். இரண்டாம் வாசிப்பில், அந்த இடத்தில் யார் யாரிடம் பேசுகிறார், என்ன உணர்ச்சி என்று ஓரத்தில் எழுதுங்கள். கட்டுரைக்கு இரண்டு கோடுகள் போதும்.

வாய்மொழி வரலாறு அசைன்மென்ட் இருந்தால் செமஸ்டரின் பாதிக்கு முன்பே பேட்டியை முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலு மணி நேரமாவது பிடிக்கும். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். குடியுரிமை ஆவணங்கள் பற்றிப் பதிவில் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னாலும், வைக்கலாமா நீக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். மூல ஆவணங்களுக்கு யு.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) சாண்டா பார்பராவின் எத்னிக் ஆவணக் காப்பகத்தில் போஸ்டர்கள் நிறைய இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

தேர்வில் குறுவிடைக்கு யார், எப்போது, எங்கே என்பதை இரண்டு வாக்கியத்தில் முடித்து, ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று வாக்கியம் வையுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர்களிலும் கவனம் வேண்டும்: 1848இல் வாழ்ந்தவரைச் சிகானோ என்றோ, 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளிலிருந்து வெளிநடப்புச் செய்த மாணவர்களை லத்தீன்எக்ஸ் (பாலின வேறுபாடு காட்டாத பிற்காலச் சொல்) என்றோ எழுதாதீர்கள். அந்தந்தக் காலத்தவர் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்களோ அதையே எழுதுங்கள். ஐயமிருந்தால் 'மெக்சிக்க அமெரிக்கர்' என்று எழுதினால் பெரும்பாலும் பிழை வராது.