கஞ்சமலையில் ஒரு ஃபீல்டு சீசன்: நிலவியல் ஆய்வு மாணவிகளுக்கு

சேலத்தை ஒட்டிய கஞ்சமலையில் மேப்பிங் செய்யும் மாணவிக்கு நாட்கள் வீணாவது பெரும்பாலும் மூன்று விஷயங்களில்தான்: கழிப்பறை, பேருந்து நேரம், துணைக்கு ஆள். டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) டிராவர்ஸ் கோடு, அதாவது நடந்து பார்க்கப்போகும் பாதை, போடும்போதே இந்த மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து புதர் காயத் தொடங்கும் ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஏப்ரலில் போக நேர்ந்தால் காலை ஆறரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள்.

துறையிலிருந்து வாங்கும் கடிதம் தமிழில் இருக்கட்டும். வனத்துறை எல்லைக்குள் வரும் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும். அதில் 'நுழைய' என்பதோடு 'பாறை மாதிரி எடுத்துச் செல்ல' என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி விடுபட்டால் மலையிலிருந்து இறங்கும்போது மூட்டையோடு நிற்க வேண்டி வரும். காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒவ்வொரு நகல் கொடுங்கள். இரும்புத்தாது எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு பலமுறை எழுந்த இடம் இது. சுத்தியலோடு யார் வந்தாலும் நிலம் போய்விடுமோ என்று மக்கள் கேட்பார்கள். அது நியாயமான பயம். நின்று, படிப்புக்கு என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

துணைக்கு உள்ளூர் அக்கா ஒருவரை நாள்கூலிக்கு அழைத்துக்கொள்வதை நாங்கள் எப்போதும் வலியுறுத்துவோம். ஆடு மேய்ப்பவர்களுக்கும் விறகு பொறுக்குபவர்களுக்கும் தெரிந்த தடம் எந்த வரைபடத்திலும் இல்லை. கூலியைக் கன்டின்ஜென்சியில் (ஆய்வின் சில்லறைச் செலவு நிதியில்) காட்ட, பெயர், தேதி, தொகை, கையெழுத்துடன் வவுச்சரை அன்றன்றே எழுதி வாங்குங்கள்.

ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது பலரும் செய்யும் தவறு. சிறுநீர்த் தொற்றும் வெயில் மயக்கமும் அதில்தான் வருகின்றன. ஆளுக்கு மூன்று லிட்டர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கட்டாயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கோயிலையோ பள்ளியையோ தொடும்படி டிராவர்ஸ் கோட்டை வளையுங்கள். அடிவாரத்துச் சித்தர் கோயில் அப்படி ஓர் இடம். அமாவாசையன்று மட்டும் கூட்டம் அதிகம். மற்ற இடங்களில் இரண்டு மீட்டர் பழைய புடவைத் துணி போதும், ஒருவர் பிடித்துக்கொண்டால் மறைப்பு. மாதவிடாய் நாட்களுக்கு நாப்கின், செய்தித்தாள், இறுக மூடும் ஜிப் பை வைத்துக்கொண்டு, பயன்படுத்தியதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கப் பயன்படுத்துபவர்கள் கழுவ அரை லிட்டர் சுத்தமான நீரைத் தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி திசைகாட்டி. கஞ்சமலையின் முகடுகளில் இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட், அதாவது காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது கலந்த குவார்ட்ஸ் பாறை. அதன் மேல் பிரன்டனை (நிலவியலாளர்களின் திசைகாட்டியை) வைத்தால் முள் பாறையைத்தான் காட்டும். அதற்கு முன்னால் உங்கள் மேலேயே இருக்கும் இரும்பைக் கவனியுங்கள்: ஹேர்பின், ஊக்கு, எஃகு வளையல், உள்ளாடைக் கம்பி, காந்த மூடியுள்ள போன் உறை. முதல் நாள் இரவு திசைகாட்டியை மேசையில் வைத்து ஒவ்வொன்றையும் அருகே கொண்டுபோங்கள். முள் அசைந்தால் அது ஃபீல்டுக்கு வேண்டாம். ஆண் கைடுகள் சொல்லாமல் விடும் விஷயம் இது. காரணம் தெரியாமல் ஒரு நோட்டுப் புத்தகமே தப்பான அளவுகளால் நிறையக்கூடும்.

டிப் கோணத்தை, அதாவது அடுக்கின் சாய்வை, தாராளமாக நம்பலாம். சாய்வை அளக்கும் கிளினோமீட்டர் புவியீர்ப்பில் வேலை செய்வதால் காந்தம் அதைத் தொடாது. ஸ்டிரைக்குக்கு, அதாவது அடுக்கு கிடையாக ஓடும் திசைக்கு, அடுக்கு நேராக ஓடும் இடத்தில் அதன் போக்கிலேயே குறைந்தது நூறு மீட்டர் நடந்து, இரு முனையிலும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, இரண்டையும் இணைக்கும் கோட்டின் திசையைக் கணக்கிடுங்கள். இருபது மீட்டரில் எடுத்தால் ஜிபிஎஸ்ஸின் சில மீட்டர் பிழையே திசையைப் புரட்டிவிடும். பழைய டோப்போ ஷீட் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவு அடிப்படையில் இருந்தால், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவில் எடுத்த புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். மாற்றாமல் குறித்தால் இரு பாறைகள் சந்திக்கும் தொடர்புக் கோடு ஓடையின் மறுகரைக்குப் போய்விடும்.

சாம்பிளைத் திரும்பும் வழியில் எடுங்கள். தின் செக்‌ஷனுக்குக் (நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய பாறைச் சீவலுக்கு) கைப்பிடி அளவு, துகள் பொடிதான பாறையின் வேதிப் பகுப்பாய்வுக்கு 1 முதல் 2 கிலோ, துகள் பெரிதானால் 5 கிலோ, பக்கத்து நைஸ் பாறையில் சிர்கான் என்ற கனிமத்தைப் பிரிக்க 5 முதல் 10 கிலோ. சிதைந்த மேல்தோலை அங்கேயே தட்டி எடுத்தால் சுமை கணிசமாகக் குறையும். ஆளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். மிச்சத்தை வண்டி வரும் இடத்தருகே வைத்துப் புள்ளி குறித்துவிட்டு, மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்லைடு செய்யக் கொடுக்கும்போது மேக்னடைட் பாறைக்கு மூடிக் கண்ணாடி இல்லாத பாலிஷ்டு செக்‌ஷன் என்று எழுதிக் கொடுங்கள். 0.03 மி.மீ. தடிமனிலும் மேக்னடைட் கறுப்பாகத்தான் தெரியும். அதைப் பார்க்கப் பிரதிபலிப்பு ஒளி வேண்டும். கிராஸ்டு போலார்ஸில் (குறுக்காக வைத்த இரு துருவ வடிகட்டிகளிடையே) குவார்ட்ஸ் சாம்பலாக இல்லாமல் மஞ்சளடித்தால் ஸ்லைடு இன்னும் தடிமன், திருப்பித் தேய்க்கச் சொல்லுங்கள்.

பாறை அரைக்கும் அறையில் என்-95 முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். சிலிக்கா தூசி நுரையீரலை விட்டுப் போவதில்லை. பொடியிலிருந்து மேக்னடைட்டைக் கைக்காந்தத்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் சிர்கானோடு சேர்ந்து அதுவும் மூழ்கும். ஹைட்ரோஃப்ளோரிக் அமில வேலையை இரவில் தனியாகச் செய்யவே கூடாது. அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும் அமிலம், புரோமோஃபார்ம், அரைக்கும் அறை மூன்றையும் நிறுத்திவிட்டு நுண்ணோக்கி வேலையையும் வரைபடத்தையும் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிகள்படி மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் படிப்புக் காலம் முழுவதற்குமாக 240 நாட்கள் வரை தரலாம். கால வரம்பிலும் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு தளர்வு தர இடமுண்டு. ஃபீல்டில் யாராவது தவறாக நடந்துகொண்டால் அதுவும் உள்ளகப் புகார்க் குழுவின் வரம்புக்குள் வரும், யுஜிசியின் 2015 விதிகள் களப் பயணங்களையும் சேர்த்தே சொல்கின்றன. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஃபீல்டு நோட்டில் அன்றைய தேதியும் நேரமும் இடமும் ஏற்கெனவே இருக்கும்; அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் புகாருடன் இணையுங்கள்.