இடது பக்கம்

ஜூலை 4
பாப்பாவுக்குக் காய்ச்சல் 102. இடது தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

ஜூலை 5
"நெறி கட்டியிருக்கு, எங்கேயாவது புண் இருக்கும், பாரு" என்றார் அத்தை. கால் முழுக்கத் தேடினேன். டாக்டர் காலைப் பார்க்கவே இல்லை. தலை, காது, பல், தொண்டை பார்த்தார். அக்குளைத் தொட்டார், வயிற்றை அமுக்கினார். போன வாரச் சளியில் தொடங்கியிருக்கலாமாம். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குறையத் தொடங்க வேண்டும்.
வீட்டில் யாருக்காவது டிபி உண்டா என்றார். இல்லை என்றோம். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6
சிரப்பைத் துப்புகிறாள். வயிற்றோட்டம் வேறு.

ஜூலை 7
கெட்டியாக இருந்தது நடுவில் இளகியிருக்கிறது, தோல் சிவந்து பளபளக்கிறது. இளகினால் நல்லதுதானே? இல்லையாம், சீழ் கோத்திருக்குமாம். நாளை ஸ்கேன். அத்தை சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் அத்தை என்றேன். உட்கார்ந்து அழுதார். அப்புறம்தான் சொன்னார்: தீபாவளிக்கு வந்து தங்கிய அவருடைய தம்பிக்கு ஊர் போனதும் டிபி என்று தெரிந்ததாம். 6 மாத மாத்திரை போன மாதம்தான் முடிந்ததாம். அந்த மனுஷன் மடியை விட்டு இவள் இறங்கவே இல்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கிறது, வெளியே தெரியக்கூடாதாம். நான் வெளியா?

ஜூலை 8
ஸ்கேனில் சீழ். ஊசியால் உறிஞ்சினார்கள், என்னை வெளியே நிறுத்திவிட்டு. என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அத்தையின் தம்பி விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. டிபி நெறி பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வளரும், அவ்வளவாக வலிக்காது, சூடு இருக்காது. இவள் தொடவே விடவில்லையே, இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்றார். டிபி தொற்று உண்டா என்று பார்க்க முன்கையில் மாண்டூ ஊசி.

ஜூலை 9
நர்ஸ் பேனாவால் போட்ட வட்டத்தையே பார்க்கிறேன். சிவப்பு கணக்கில்லை, தடிப்புதான் கணக்கு. 10 மி.மீ. வந்தால் பாசிட்டிவ். தூங்கும்போது ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கொசுக்கடியா அதுவா?

ஜூலை 10
3 மி.மீ.! சிபிநாட்டிலும் டிபி இல்லை.

ஜூலை 11
கல்ச்சரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. சிரப் தொடர வேண்டும். காய்ச்சல் விட்டது, இட்லி கேட்டாள். நெறி முழுக்க அமுங்க வாரங்கள் ஆகுமாம். இன்னமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.
அத்தை தம்பியோடு போனில் பேசினார். மாத்திரை முடிந்தபின் சளி பரிசோதனை செய்தாரா என்று கேட்கச் சொன்னேன். மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஜூலை 13
ஆடிக்கு வருகிறாராம்.