1.40 முதல் 4.10 வரை

"1.40 முதல் 4.10 வரை தூங்கினேன். மரம் ஏறப்போறாங்க என்று பக்கத்தில் இருந்த பாட்டி தட்டி எழுப்பினார்."

நாடக ரசனை அறிமுகத் தாளுக்காக எழுதித் தர வேண்டிய பார்வைக் குறிப்பில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள். காஞ்சிபுரம் பக்கம், திரௌபதி அம்மன் கோயில் விழா, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து. அர்ச்சுனன் தவம் செய்ய மரம் ஏறும் 'அர்ச்சுனன் தபசு'. 20-க்கு 9 போட்டேன்.

"பாக்காத ரெண்டரை மணி நேரத்துக்கு எப்படிம்மா மார்க் போடுறது?"

"பாதி ஊர் தூங்குச்சு சார். அவங்களுக்குக் கூத்து பாக்கத் தெரியலன்னு சொல்வீங்களா?"

"அவங்க நூறு தடவை பாத்தவங்க. எதை விட்டா நஷ்டமில்லைன்னு அவங்களுக்குத் தெரியும். நீ முதல் தடவை பாக்குறே."

"சரி சார்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் பதிலில் தப்பில்லை என்றுதான் இப்போதும் படுகிறது. ஆனால் அந்த "சரி சார்" சம்மதித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

தூங்கக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பதினோரு மணிக்கே பாதிப் பேர் வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டு, இணையத்தில் கிடைத்ததைப் பார்த்து எழுதித் தந்தார்கள். கட்டியக்காரன் (கூத்தை நடத்திச் செல்லும் கோமாளி) வராத கூத்தில் கட்டியக்காரனின் நகைச்சுவையைப் பாராட்டி இரண்டு பத்தி இருந்தது. அதனால்தான் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் குறித்து மூன்று வரியாவது எழுத வேண்டும் என்று வைத்தேன். இவள் நேரம் குறித்திருந்தாள். தூங்கிய நேரத்தையும் சேர்த்தே குறித்திருந்தாள். பொய் சொல்லியிருந்தால் 15 வந்திருக்கும்.

குடைச்சல் தருவது மதிப்பெண்ணைவிட அந்தப் படிவம்தான். அதில் ஆறு கட்டங்கள்: மேடை, ஒளி, ஒலி, ஒப்பனை-உடை, நடிப்பு, பார்வையாளர். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஒரு நாடகம் பார்த்தால் ஆறையும் சுலபமாக நிரப்பலாம். கூத்துக் களத்தில் அதை நீட்டினால் என்ன ஆகும்? அன்று கட்டியிருந்தது இரண்டு டியூப் லைட். நாற்காலி, பாய், வேப்பமரத்தடி, எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சம்தான். 18 வாங்கிய மாணவன் "ஒளியமைப்பு மிகக் குறைவு" என்று எழுதியிருந்தான். அதற்கு நான் டிக் போட்டிருக்கிறேன்.

அதே மாணவன் "பாத்திர அறிமுகம் தேவைக்கு மேல் நீளம்" என்றும் எழுதியிருந்தான். கூத்தில் முக்கிய வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். உள்ளேயிருந்து விருத்தப் பாட்டு வரும். முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், திரைக்குக் கீழே சலங்கை ஆடும், பிறகுதான் முகம். திரை விலகியதும் களத்தைச் சுற்றி ஒரு ஆட்டம். அப்புறம் கட்டியக்காரன், "நீ யார், எந்த ஊர், யார் மகன்" என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். எல்லாம் சேர்ந்து இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடிவிடும். மூன்று பக்கமும் ஜனம், வருவோரும் போவோருமாக இருக்கும் இடத்தில் ஒரு ராஜாவை நிலைநிறுத்த அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. மேடை விளக்கை மங்கவைத்து ஒருவர் மேல் மட்டும் ஒளி பாய்ச்சுகிற வசதி இருந்தால் அதே வேலை பத்து நொடியில் முடியும். இதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் அவன் அப்படி எழுதியிருக்க மாட்டான். சொன்னேனா என்று நினைவில்லை.

இருட்டில், வாய் திறக்காமல், முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பதுதான் பார்ப்பது என்ற எண்ணம் நாடகத்தின் வயதுக்கு முன் மிகச் சின்னது. இதையும் நானேதான் பாடம் எடுக்கிறேன். பண்டைய ஏதென்ஸில் பகல் வெளிச்சத்தில் ஒரே கவிஞரின் மூன்று துன்பியல் நாடகங்கள், கூடவே ஒரு சேட்டை நாடகம், எல்லாம் ஒரே நாளில் நடந்தன. நடிகர்கள் மோசமாக நடிக்கும்போதுதான் ஜனம் அதிகமாகப் பண்டம் தின்கிறது என்று அரிஸ்டாட்டில் ஓரிடத்தில் சொல்கிறார். (நம் சபா கேன்டீன்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்.) லண்டனில் 1599-இல் எழுந்த குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவர்கள் நடுமுற்றத்தில் நின்றபடி பார்த்தார்கள். பார்வையாளர் பகுதியை இருட்டாக்கும் பழக்கம் ஊன்றியது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் இசைநாடகங்களுக்காகக் கட்டிய பைராய்த் அரங்கிலிருந்துதான். அது 1876. இங்கே சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்கள் இரவு தொடங்கி விடியும் வரை போகும். பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ்மோர்" என்று கூட்டம் கத்தும், வள்ளி மறுபடி முதலடியிலிருந்து எடுப்பாள், கதை அதுவரை காத்திருக்கும்.

மேடையைப் பற்றி நமக்கு எவ்வளவோ தெரியும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்கே இருக்கிறது. இருபத்துநான்கு விரல் ஒரு கோல். இரண்டாம் வாரத்தில் சாக்பீஸால் தரையில் வரையச் சொல்வேன். விரலை முக்கால் அங்குலமாக எடுத்தால் பத்தரைக்குப் பன்னிரண்டு அடி. பெருவிரலை ஓர் அங்குலமாக எடுத்தால் பதினாலுக்குப் பதினாறு. பலகைக்கும் மேல் உத்தரத்துக்கும் இடையே நாலு கோல். முதல் கணக்கில் அது ஆறு அடிதான், கை தூக்கினால் இடிக்கும். அதனால் பிள்ளைகள் எல்லோரும் பெருவிரல் கட்சிக்குப் போய்விடுவார்கள். தூண் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைப்பது வரை இளங்கோவடிகள் சொல்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்போது கண் மூடலாம் என்பதற்கு அங்கே கணக்கு எதுவும் இல்லை.

தூங்கி எழுந்தவளின் குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன்.

"4.10. கூட்டம் எழுந்து பாயைச் சுருட்டுகிறது. அர்ச்சுனன் மரத்தடியில். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. ஏழாவது படியில் குரல் கம்மியது. முகவீணை (சின்ன நாகசுரம் போன்ற குழல்) வாசிப்பவர் ஒரு சுற்று கூடுதலாக வாசித்தார், அதற்குள் அர்ச்சுனன் மூச்சு வாங்கிக்கொண்டார். கீழே ஈரச் சேலையோடு பெண்கள் பிள்ளை வரம் கேட்டு முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். மேலேயிருந்து போட்ட எலுமிச்சம்பழம் பாட்டி மடியில் விழவில்லை, பக்கத்துப் பெண் மடியில் விழுந்தது. பாட்டி அந்தப் பெண்ணின் தலையைத் தடவினார்."

18 வாங்கியவன் அதே நேரத்துக்கு எழுதியது: "4.30. மரம் ஏறுதல். மிக மெதுவாக நகர்கிறது." ஆறு மணி நேரம் கொட்டக் கொட்ட விழித்திருந்தவனுக்கு அந்நேரத்தில் வேறென்ன தோன்றும்?

ஆனாலும் இரண்டரை மணி நேரம் போனது போனதுதான். தவம் எதற்கு, அந்த மரம் ஏறும் வரை அர்ச்சுனன் எப்படி வந்து சேர்ந்தான் என்பது அவள் குறிப்பில் இல்லை. வழியில் வரும் சோதனை எதுவும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு அது மனப்பாடம். அவர்களும் அதைச் சின்ன வயதில் அம்மா மடியில் பாதித் தூக்கத்தில்தானே பாடம் பண்ணியிருப்பார்கள் என்று ஒரு நாள் தோன்றும். ஒரு பருவத்தில் ஒரே ஓர் இரவு கூட்டிக்கொண்டு போகிற பாடத்தில் அதற்கு இடமேது என்று மறுநாள் தோன்றும். மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை. பட்டியல் அனுப்பியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்தக் கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது.

அடுத்த ஆண்டு படிவத்தில் ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: தூங்கிய நேரம், எழுப்பியது எது. வந்த 22 படிவங்களில் 19-இல் "2 முதல் 4 வரை, மத்தளச் சத்தம்" என்று இருந்தது.