நாலாவது கேள்விக்கு 0 போட்ட நாள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்குள் இடுப்பளவு தண்ணி. இரண்டு மெஷினும் போச்சு. கடன் வாங்கிக் கடையைத் திரும்பத் திறந்துவிட்டேன், ஆனால் தூக்கம் திரும்பவில்லை, ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடும், தகரத்தில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். டீக்கடையில் "என்ன அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?" என்று கேட்டால் மட்டும் "நல்லா இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லும்.

ஒரு ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். அரசு நடத்தும் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பேர், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. தமிழில் பொறுமையாகப் பேசி, நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றார்கள். முதலில் பார்த்தவர் "பாசிட்டிவா யோசிங்க, உங்களைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனை பேரு" என்று பத்தே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். எனக்குக் கஷ்டம் என்று சொல்லவே உரிமை இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அப்படி யாராவது பேசினால் தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள், இந்த முயற்சியையே விட்டுவிடாதீர்கள்.

அடுத்து பாளையங்கோட்டையில் ஒரு மேடம். "இங்க பேசுறது இந்த அறையைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்கவே இல்லை. ஒரு தாளை நீட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள், எல்லாமே போன இரண்டு வாரத்தைப் பற்றி: மனசு உற்சாகமா இருந்ததா, அமைதியா இருந்ததா, உடம்பில் தெம்பு இருந்ததா, காலையில் களைப்பில்லாம எழுந்தீங்களா, அன்றாடத்தில் பிடிச்ச விஷயங்கள் இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. நாலாவதுக்கு 0-ஐ வட்டம் போடும்போது கை நின்றுவிட்டது, ஒன்பது மாசமா யாரிடமும் சொல்லாததைப் பென்சில் சொல்லிவிட்டது. மொத்தம் 6, நாலால் பெருக்கினால் நூற்றுக்கு 24. "இது நோய்க்குப் பேர் வைக்கிற தாள் இல்ல, எங்க ஆரம்பிக்கலாம்னு பார்க்கத்தான்" என்றார்கள்.

அந்த 0-வைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் தெம்புக்கு நான் போட்ட 2-ஐத் தொட்டு, "இதுவும் 0 ஆகாம இருக்கே, இந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்றார்கள். ரொம்ப நேரம் யோசித்தேன். ஞாயித்துக்கிழமை காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவது மட்டும்தான் மிச்சம் இருந்தது, கடைக்குள் வந்த அதே தாமிரபரணிதான். அதை வாரத்தில் இன்னொரு நாளும் செய்ய முடியுமா என்று கேட்டார்கள், செய்யுங்கள் என்று சொல்லவில்லை. புதன்கிழமையும் போக ஆரம்பித்தேன்.

ஆறாவது தடவை 14 வந்தது, 56. மழைச் சத்தம் இன்னும் எழுப்புகிறது, அப்புறம் தூங்கியும் விடுகிறேன். அந்தத் தாள் நகலின் நகலாகி, கடைசி வரி பாதி அழிந்து கிடந்தது. அன்றைக்கே கடையில் புதிதாக டைப் செய்து 50 பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.