நில எடுப்புச் சட்டத்தையே எதிர்ப்பதென்றால்

ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு மனை ஒதுக்க, 1978-ம் ஆண்டுச் சட்டப்படி நிலம் எடுக்கும் நோட்டீஸ் வந்ததும், பலர் வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு சட்டப் பிரிவு செல்லாது என்று அறிவிக்க அங்கே அதிகாரமில்லை. வேலூர்க்காரர்கள் போக வேண்டியது சென்னை உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226-வது உறுப்பின்கீழ் ரிட் மனு, அதாவது அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு.

மனுவில் பெரும்பாலும் சறுக்குவது கோரிக்கைப் பகுதியில்தான். ‘இன்ன பிரிவு செல்லாது’ என்று மட்டும் கேட்டால், உங்களுக்கு என்ன பாதிப்பு என்ற கேள்வி வரும். உங்கள் சர்வே எண் உள்ள உத்தரவையும் ரத்து செய்யக் கேளுங்கள். எந்தப் பிரிவு அரசியலமைப்பின் எந்த உறுப்போடு மோதுகிறது என்று பிரமாணப் பத்திரத்தில் எண் போட்டு எழுத வேண்டும். ‘அநியாயமான சட்டம்’ என்று பொதுவாக எழுதினால் நிற்காது. சட்டம் செல்லும் என்பதே நீதிமன்றத்தின் தொடக்க அனுமானம். அதனால் சட்டத்துக்கே இடைக்காலத் தடை கிடைப்பது அரிது. உங்கள் நிலத்தளவில் ‘தற்போதைய நிலை தொடரட்டும்’ என்று கேட்பதே நடைமுறை.

முழுச் சட்டமும் விழும் என்று நம்பவேண்டாம். 1994-ல் உச்ச நீதிமன்றம் இதே சட்டத்தை ஏற்று, இழப்பீட்டைத் தவணையில் தரும் பகுதியை மட்டும் நீக்கியது. எனக்கு அது சரியான தீர்ப்பு: மனையில்லாதவருக்கு மனை வேண்டும், நிலம் கொடுத்தவருக்குப் பணம் மொத்தமாக வேண்டும். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதென்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டத்தால் உயிர்ப்பித்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2019 தீர்ப்பு நகலை மட்டும் நம்பி மனுப் போடாதீர்கள்.